'வைக்கிங்ஸ்' தொலைக்காட்சித் தொடரும் தொடக்க இடைக்கால ஐரோப்பிய வரலாறும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மைக்கேல் ஹர்ஸ்ட் உருவாக்கிய 'வைக்கிங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் (2013–2020) எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளின் வட ஐரோப்பாவைக் களமாகக் கொண்டது. இத்தொடர் காட்டும் நிகழ்வுகளையும் மாந்தரையும் இடைக்கால ஆவணங்களோடும் அகழாய்வுச் சான்றுகளோடும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொடர் வரலாற்றிலிருந்து விலகும் இடங்கள் காலச் சுருக்கம், உறவுப் பிணைப்பு, சான்றுகளை ஆராயாது ஏற்றல், விடுபடல் என நால்வகைப்படும். முதல் இரண்டும் இடைக்காலக் கதைமரபே கையாண்ட உத்திகள் என்பதும், பின்னிரண்டுமே வரலாற்றறிவை மிகுதியாகத் திரிப்பவை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வைக்கிங்குகள், வரலாற்றுப் புனைவு, சாகாக்கள், ராக்னர் லோத்புரோக், லிண்டிஸ்பார்ன், அடிமை வணிகம்.

முன்னுரை

வரலாற்றைப் பாடநூல் வழியாக அறிவோரினும் திரை வழியாக அறிவோர் தொகை இன்று மிகுதி. ஹிஸ்டரி தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்டு, 6 பருவங்களாக 89 பகுதிகள் வெளிவந்த 'வைக்கிங்ஸ்' தொடர் இதற்குத் தக்க சான்றாகும். 'வரலாறு' என்னும் பெயரையே தாங்கிய ஓர் அலைவரிசைக்கு உரியது என்பதால் இத்தொடருக்கு ஆவணத் தன்மை தானாகவே ஏற்றிச் சொல்லப்படுகிறது. வகுப்பறை விவாதங்களில் இத்தொடரின் காட்சிகளே சான்றுகளாக முன்வைக்கப்படும் நிலையும் உண்டு. ஆதலின் புனைவு எங்கே வரலாற்றோடு ஒன்றுகிறது, எங்கே விலகுகிறது, அவ்விலகல் எத்தகையது எனப் பகுத்தறிதல் தேவையாகிறது.

வரலாற்றுப் புனைவைப் பிழைப்பட்டியலால் மட்டும் மதிப்பிடுதல் முறையன்று. ஆண்டு தவறுதல் ஒருவகை. ஒரு சமூகத்தின் இயக்கத்தையே வேறாகக் காட்டுதல் மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒரே நிறையில் வைத்து எடைபோட இயலாது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே பின்வரும் ஒப்பீடு அமைகிறது.

மூலங்களின் இயல்பு

தொடரை மதிப்பிடுமுன் வைக்கிங்குகள் பற்றிய சான்றுகளின் இயல்பை அறிதல் வேண்டும். அக்காலத்து ஸ்காண்டிநேவியர் ரூனிக் எழுத்தில் குறுங்கல்வெட்டுகளைப் பொறித்தனரேயன்றி நீண்ட வரலாற்று நூல்களை எழுதவில்லை. எனவே நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் மூவகைப்படும். முதலாவது, தாக்குதலுக்கு உள்ளான கிறித்தவ நாடுகளின் ஆவணங்கள். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு, பிராங்கிய நாட்டின் புனித பெர்டின் ஆண்டுக்குறிப்பு, அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு ஆகியன இவ்வகையின. இரண்டாவது, இபுன் பத்லான் போன்ற அரபுப் பயணியரின் நேரடிக் குறிப்புகள். மூன்றாவது, நிகழ்ச்சிகளுக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்த டென்மார்க்கின் சாக்சோ கிரமாட்டிக்கஸ் நூலும் ஐஸ்லாந்தின் சாகாக்களும்.

முதல் வகை காலத்தால் அண்மையது. ஆயினும் பகைமை நோக்குடையது. மூன்றாம் வகை சொந்த மரபினது. ஆயினும் காலத்தால் மிகச் சேய்மையது. இம்மூன்றையும் சரிபார்க்கும் நான்காவது சான்றாக அகழாய்வு அமைகிறது. தொடரின் கதைக்கட்டு பெரும்பாலும் மூன்றாம் வகையையும், அதன் வன்முறைக் காட்சிகள் பெரும்பாலும் முதல் வகையையும் சார்ந்துள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது.

லிண்டிஸ்பார்னும் 'முதல் சந்திப்பும்'

கி.பி. 793-இல் தொடங்கும் இத்தொடரில், மேற்கே நிலம் உண்டு என்பதையே ராக்னரின் ஊரார் அறிந்திருக்கவில்லை. கிழக்கு நாடுகளுக்கே ஆண்டுதோறும் கலம் செலுத்தும் தலைவன் ஹரால்ட்சனின் ஆணையை மீறி, சூரியகல்லின் துணையோடு ராக்னர் மேற்கே சென்று லிண்டிஸ்பார்ன் மடத்தை அடைகிறான். ஆக, அத்தாக்குதல் ஒரு கண்டுபிடிப்புப் பயணத்தின் விளைவாகக் காட்டப்படுகிறது.

793-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லிண்டிஸ்பார்ன் தாக்கப்பட்டது வரலாற்று உண்மை. ஆயின் அதுவே முதல் சந்திப்பு என்பது உண்மையன்று. வெசெக்ஸ் மன்னன் பியோர்ட்ரிக் காலத்தில், 789 அளவில், மூன்று கலங்களில் வந்த வடநாட்டார் போர்ட்லாந்தில் அரச அலுவலர் ஒருவரைக் கொன்றதாக ஆங்கிலோ-சாக்சன் மரபு குறிக்கிறது. வந்தவர்களை அவ்வலுவலர் வணிகர் எனக் கருதியதாக அம்மரபு கூறுவது, வடநாட்டு வணிகரின் வருகை முன்பே பழக்கமானது என்பதை உணர்த்தும். மெர்சியாவின் மன்னன் ஓஃபா 792-இல் கென்ட் பகுதித் திருச்சபைகளுக்கு அளித்த உரிமையாவணத்திலும் கடல்வழி வரும் பிற சமயத்தாருக்கு எதிரான காவற்கடமை பேசப்படுகிறது.

இவற்றினும் நுட்பமான சான்று ஆல்குயினின் கடிதத்தில் உள்ளது. நார்தம்பிரியாவில் பிறந்து சார்லமேனின் அவையில் அறிஞராக விளங்கிய இவர், லிண்டிஸ்பார்ன் அழிவைக் கேட்டு மன்னன் எத்தல்ரெட்டுக்கு எழுதிய மடலில், நார்தம்பிரியர் தம் தலைமயிரையும் தாடியையும் அந்தப் பிற சமயத்தாரைப் போலவே திருத்திக்கொள்வதைக் கடிந்துரைக்கிறார். எவரைக் கண்டறியாரோ அவரது ஒப்பனையை ஒருவர் பின்பற்ற இயலாது. எனவே தாக்குதலுக்கு முன்பே இரு கரைகளுக்கும் இடையே பழக்கம் இருந்தமை தெளிவு.

மடத்தின் பிற்கால நிலையும் தொடரின் காட்சியோடு பொருந்தவில்லை. தொடரில் மடம் முற்றாக அழிகிறது. வரலாற்றிலோ துறவியர் அங்கே தொடர்ந்து வாழ்ந்தனர். புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு அவர்கள் தீவைவிட்டு நீங்கியது 875-இல்தான். புகழ்பெற்ற லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடியும் அழியாது இன்றளவும் காக்கப்படுகிறது.

காலச் சுருக்கம்

தொடரின் மிக வெளிப்படையான விலகல் காலம் பற்றியது. ராக்னரின் உடன்பிறந்தானாகக் காட்டப்படும் ரோலோ 793-இல் லிண்டிஸ்பார்னைத் தாக்குகிறான். பின்னர் பாரிசு முற்றுகையில் பங்கேற்று, பிராங்கிய இளவரசி கிஸ்லாவை மணந்து நார்மண்டியின் தலைவனாகிறான். வரலாற்று ரோலோ, மன்னன் எளிய சார்லசிடமிருந்து சேன் ஆற்றின் கீழ்ப்பகுதி நிலங்களைப் பெற்றது 911 அளவில். லிண்டிஸ்பார்ன் தாக்குதலின்போது அவனுக்கு இருபது வயது எனக் கொண்டால், நிலக்கொடை பெறுங்கால் அவனுக்கு 138 வயது ஆகியிருக்க வேண்டும்.

பாரிசு முற்றுகையும் இவ்வாறே இரு நிகழ்ச்சிகளின் கலவையாகும். 845-இல் ராக்னர் என்னும் பெயருடைய தலைவன் 120 கலங்களோடு சேன் ஆற்றில் ஏறி வந்து பாரிசைத் தாக்கினான். மன்னன் வழுக்கைத்தலைச் சார்லசு 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அவனைத் திருப்பினான். 885–886-இல் நிகழ்ந்த நீண்ட முற்றுகையில் நகரைக் காத்தவர்கள் கோமகன் ஓடோவும் ஆயர் காஸ்லினும் ஆவர். தொடரில் வரும் பேரரசர் சார்லசு, ஒரே பெயருடைய பல மன்னர்களின் கூட்டுருவம் ஆவார்.

இங்கிலாந்திலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. வெசெக்ஸ் மன்னன் எக்பர்ட் 839-இல் இறந்தவன். தொடரிலோ, 865-இல் இங்கிலாந்து வந்த பெரும்படையை எதிர்கொண்டு அவன் இறக்கிறான். ஆல்பிரட்டுக்கு முன் அவனுடைய தமையன்மார் மூவர் அடுத்தடுத்து ஆண்டனர் என்பது வரலாறு; தொடர் ஒரே ஒரு தமையனை மட்டும் காட்டுகிறது.

சுருங்கக் கூறின், ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் ஒரு தலைமுறையின் வாழ்நாளுக்குள் அடக்கப்பட்டுள்ளன. நாடகத்திற்கு ஒரே மாந்தர் தொடர்ந்து வர வேண்டிய கட்டாயமே இதற்குக் காரணம் எனலாம்.

உறவுப் பிணைப்பு

தொடர்பற்ற வரலாற்று மாந்தரைக் குருதியுறவால் இணைப்பது இரண்டாம் உத்தி. ரோலோவை ராக்னரின் உடன்பிறந்தானாக்கியது இதற்குச் சான்று. நார்வேயின் அழகிய கூந்தல் ஹரால்டுக்குத் தந்தையாக மரபு கூறும் கரிய ஹாப்டன், தொடரில் அவனுக்குத் தம்பியாகிறான். மன்னன் எத்தல்வுல்ப், ஆஸ்பர் ஆகியோரின் மகனான ஆல்பிரட், தொடரில் துறவி ஏத்தல்ஸ்டனுக்கும் யூதித்துக்கும் பிறந்தவனாகிறான். வரலாற்று யூதித் வழுக்கைத்தலைச் சார்லசின் மகள். 856-இல் எத்தல்வுல்பை மணந்தவள். ஆல்பிரட்டுக்குச் சிற்றன்னை முறையினள். ஏத்தல்ஸ்டனோ முழுக்கவும் கற்பனை மாந்தன். ஆயினும், எடிங்டன் போரில் தோற்று 878-இல் திருமுழுக்குப் பெற்ற வைக்கிங் தலைவன் குத்ரமுக்குச் சூட்டப்பட்ட பெயர் ஏத்தல்ஸ்டன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆனால் இவ்வுத்தியைத் தொலைக்காட்சி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ராக்னர் லோத்புரோக் என்னும் மாந்தனே இத்தகைய பிணைப்பின் விளைவாகத் தோன்றுகிறான். 845-இல் பாரிசைத் தாக்கிய ராக்னர், அவ்வாண்டிலேயே கொள்ளைநோயால் மாண்டதாகப் பிராங்கிய ஆவண மரபு கூறுகிறது. அவனே இருபது ஆண்டுகளுக்குப் பின் நார்தம்பிரிய மன்னன் ஏல்லாவின் பாம்புக்குழியில் இறந்திருக்க இயலாது. 'லோத்புரோக்' என்னும் பெயரோ பதினோராம் நூற்றாண்டு நூல்களிலேயே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அங்கும் அது ஐவர், பியோர்ன் ஆகியோரின் தந்தை பெயராகவே வருகிறது.

மைந்தர்களின் வரலாற்று உண்மை தந்தையினும் உறுதியானது. 858-இல் வழுக்கைத்தலைச் சார்லசுக்குப் பணிந்து உறுதிமொழி கூறிய பியோர்ன் என்னும் தலைவனைப் பிராங்கிய ஆண்டுக்குறிப்பு சுட்டுகிறது. 865-இல் வந்த பெரும்படையின் தலைவர்களாக ஐவர், ஹாப்டன் முதலியோர் அறியப்படுகின்றனர். வெவ்வேறு கடற்கரைகளில் இயங்கிய இத்தலைவர்களுக்கெல்லாம் ஒரே தந்தையைக் கற்பித்து, பெரும்படையின் வருகையைத் தந்தையின் கொலைக்குப் பழிவாங்கும் செயலாக விளக்கியது சாகா மரபு. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் அத்தகைய நோக்கம் எதுவும் சொல்லப்படவில்லை. பெரும்படை கிழக்கு ஆங்கிலியாவில் குளிர்காலத்தைக் கழித்து, அங்கே குதிரைகளைப் பெற்று, 866 நவம்பரில் யார்க்கைக் கைப்பற்றியது. நகரை மீட்க முயன்ற மன்னர் ஏல்லாவும் ஓஸ்பர்ட்டும் 867 மார்ச்சில் கொல்லப்பட்டனர். நார்தம்பிரியாவில் அப்போது நிலவிய அரசுரிமைப் பூசலே படையெடுப்புக்கு வாய்ப்பளித்தது என்பதை ஆண்டுக்குறிப்பின் வரிகளே உணர்த்துகின்றன.

பாரிசு நகருள் ராக்னர் சவப்பெட்டிக்குள் இருந்தவாறு நுழையும் காட்சியும் இத்தகையதே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தூதோ என்பவர் இக்கதையை ஹாஸ்டிங் என்னும் வேறொரு தலைவன் மீது ஏற்றி, இத்தாலியின் லூனா நகரில் நிகழ்ந்ததாகக் கூறுகிறார். ஒருவர்மேல் வழங்கிய கதையை மற்றொருவர்மேல் ஏற்றுதல் கதைசொல்லிகளின் தொன்றுதொட்ட வழக்கம். இவ்வகையில் ஹர்ஸ்ட் சாகா ஆசிரியர்களின் வழித்தோன்றலே எனலாம்.

சான்றுகளை ஆராயாது ஏற்றல்

மேற்கண்ட இரு விலகல்களையும் ஆண்டுவரிசை அறிந்த எவரும் எளிதில் கண்டுகொள்வர். மூன்றாவது விலகல் அத்தகையதன்று. மூலநூலைத் தொடர் அப்படியே பின்பற்றும் இடங்களில்தான் அது நேர்கிறது.

உப்சாலாக் கோயிலில் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் நரபலியை முதல் பருவம் விரிவாகக் காட்டுகிறது. இதற்கு மூலம் பிரெமனின் ஆடம் 1075 அளவில் எழுதிய நூல். ஆடம் உப்சாலாவை நேரில் கண்டவரல்லர். வடநாட்டில் கிறித்தவம் பரப்பும் உரிமையைக் கோரிய தலைமை ஆயர்பீடத்தைச் சார்ந்தவர் அவர். பழைய சமயத்தின் கொடுமையை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறாரோ அவ்வளவுக்குத் தம் பீடத்தின் பணி சிறப்புறும். பழைய உப்சாலாவில் பெரும் மண்மேடுகளும் மாளிகைத் தளங்களும் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. ஆடம் வருணிக்கும் பொற்கோயில் உறுதிப்படவில்லை. பலிச்சடங்குகள் நடைபெறவே இல்லை என்பது இதன் பொருளன்று. அவற்றின் அளவும் அமைப்பும் ஒரு சமயப் போட்டியாளரின் எழுத்தின்வழி வந்தவை என்பதே கருதத்தக்கது.

'குருதிக்கழுகு' எனப்படும் கொலைச்சடங்கு மற்றொரு சான்று. இரண்டாம் பருவத்தில் கோமகன் போர்க்கின் முதுகைப் பிளந்து நுரையீரலை இறகுபோல் விரிக்கும் காட்சி அமைந்துள்ளது. இச்சடங்கின் விரிவான வருணனைகள் அனைத்தும் பிற்கால நூல்களிலேயே உள்ளன. ஐவர் ஏல்லாவின் முதுகில் கழுகைப் பொறித்தான் என்னும் பொருள்பட அமைந்த பதினோராம் நூற்றாண்டுச் செய்யுள் ஒன்றே இவற்றின் தொடக்கம். களத்தில் வீழ்ந்தவன் உடலைக் கழுகு கீறும் என்பது ஸ்கால்டு புலவர் வழக்கு. அச்செய்யுளைப் பிற்காலத்தார் சொல்லுக்குச் சொல்லாகப் பொருள்கொண்டதால் ஒரு சடங்கே பிறந்துவிட்டது என ராபர்ட்டா பிராங்க் 1984-இல் வாதிட்டார். அண்மையில் உடற்கூற்றியலாரும் இணைந்து நிகழ்த்திய ஆய்வு, அக்காலக் கருவிகளால் இச்செயல் இயலக்கூடியதே என்றும், ஆனால் தொடக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும் என்றும் கண்டது. இயலும் என்பது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது. செய்யுள் வழக்கை அறியாது பொருள்கொள்வதால் விளையும் திரிபுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஹரால்ட்சனின் ஈமச்சடங்கில் அடிமைப்பெண் ஒருத்தி தலைவனோடு மாளும் காட்சி, இபுன் பத்லான் 922-இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூசு மக்களிடையே நேரில் கண்டு எழுதியதைத் தழுவியது. அக்குறிப்பு மதிப்புமிக்கது. ஆனால் அதனை நூற்றிருபதாண்டுகள் முன்னுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்குக்கும் நகர்த்தி ஸ்காண்டிநேவியரின் பொதுவழக்காகக் காட்டும்போது, இடமும் காலமும் சார்ந்த ஒரு செய்தி ஓர் இனத்தின் இயல்பாக மாறிவிடுகிறது.

லகெர்தாவும் பெண் போராளியரும்

போர்க்களத்தில் பெண்களைக் காட்டுவது நிகழ்கால விருப்பத்தின் வெளிப்பாடு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. லகெர்தா சாக்சோவின் நூலில் ராக்னரின் முதல் மனைவியாக இடம்பெறும் மாந்தர். சாக்சோவோ அவளைக் கிரேக்க அமேசான்களின் சாயலில் படைத்துள்ளார். எனவே அவளது வரலாற்றுண்மையை ஏற்பது கடினம்.

ஆனால் சுவீடனின் பிர்காவில் 1878-இல் அகழப்பட்ட பத்தாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று இவ்விவாதத்தைப் புதுப்பித்தது. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரு கேடயங்கள், இரு குதிரைகள், ஆட்டக்காய்கள் ஆகியவற்றோடு புதைக்கப்பட்ட அவ்வீரர் நெடுங்காலம் ஆண் எனவே கருதப்பட்டார். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு அவ்வுடல் பெண்ணுடையது எனக் காட்டியது. படைக்கலங்களோடு புதைக்கப்பட்டவர் அனைவரும் போரிட்டவர்தாமா என்னும் வினா எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினா ஆண்களின் கல்லறைக்கு முன்பு எழுப்பப்படாமல் பெண்ணின் கல்லறைக்கு மட்டும் எழுந்தது ஆய்வாளர்தம் முற்சாய்வையும் வெளிப்படுத்துகிறது. ஒரு கல்லறையைக் கொண்டு பெண்படைகள் அணிவகுத்தன எனத் தொடர் காட்டுவது மிகை. பெண் போராளியே இலர் என மறுப்பதும் இனி எளிதன்று.

விடுபட்டவை: வெள்ளியும் அடிமையும்

தொடரின் மிகப்பெரும் திரிபு அது காட்டாமல் விட்டவற்றில் உள்ளது. முதல் பகுதியில், கிழக்கே வாழ்வோரும் நம்மைப் போன்றே வறியவர் என்னும் கருத்தே ராக்னரை மேற்கு நோக்கிச் செலுத்துகிறது. வரலாற்றில் நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது. எஸ்தோனியாவின் சால்மே என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட இரு கலப்புதையல்களில், 750 அளவில் மாண்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்காண்டிநேவியரின் உடல்கள் கிடைத்தன. ரசியாவின் பழைய லடோகாவில் 750-களிலேயே வணிகக் குடியிருப்பு தோன்றிவிட்டது. 780-களைச் சேர்ந்த இசுலாமிய வெள்ளி நாணயப் புதையலும் அங்குக் கிடைத்துள்ளது. 1999-இல் கோட்லாந்துத் தீவின் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் வெளிப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுப் புதையலில் 67 கிலோ வெள்ளியும் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்களும் இருந்தன; அந்நாணயங்களுள் மிகப் பெரும்பாலானவை அப்பாசியர் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வந்த திர்காம்கள். வெள்ளியின் ஊற்று கிழக்கிலேயே இருந்தது.

அவ்வெள்ளிக்கு ஈடாகச் சென்றவை மென்மயிர்த் தோலும் அடிமைகளும். ரூசு வணிகர் அடிமைப்பெண்களை விற்றதை இபுன் பத்லான் குறிக்கிறார். 821-இல் அயர்லாந்தின் ஹவுத் பகுதியிலிருந்து பெருந்தொகையான பெண்கள் சிறைபிடித்துச் செல்லப்பட்டதை அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு பதிவுசெய்கிறது. 841-இல் கலத்துறைக் காப்பரணாகத் தொடங்கிய டப்ளின், பின்னர் மேற்கு ஐரோப்பாவின் பெரும் அடிமைச் சந்தைகளுள் ஒன்றாயிற்று.

அடிமைகள் தொடரில் இல்லாமல் இல்லை. ஏத்தல்ஸ்டனே அடிமையாகத்தான் ராக்னரின் இல்லத்திற்கு வருகிறான். ஆனால் விரைவில் அவன் நண்பனாகவும் அறிவுரைஞனாகவும் உயர்கிறான். அடிமைத்தனம் அங்கு ஓர் ஆன்மிக நட்பின் வாயிலாகிறது. ஒரு பொருளாதாரத்தின் அடித்தளமாக அன்று. கொள்ளையின் நோக்கம் புதுநிலம் காணும் வேட்கையாகவும் கடவுளரின் அழைப்பாகவும் ஆகும்போது, மனிதரைப் பிடித்து விற்றல் என்னும் அன்றாடத் தொழில் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. நாயகனின்பால் பார்வையாளர் பரிவு கொள்ள வேண்டுமெனில் இம்மறைப்பு தேவைப்படுகிறது. ஆண்டு தவறியதால் எவருக்கும் அநீதி நேராது. விற்கப்பட்டவர்களை மறைப்பதால் நேரும்.

தொடர் சரியாக உணர்த்திய ஒன்றையும் குறித்தல் முறை. ராக்னரின் கனவு கொள்ளை மட்டுமன்று, நல்ல விளைநிலமும் ஆகும். வெசெக்சில் அவன் அமைத்த குடியேற்றம் அழிக்கப்படுவதாகத் தொடர் காட்டுகிறது. அது கற்பனையே, எனினும் அவ்வேட்கை உண்மை. 876-இல் ஹாப்டன் நார்தம்பிரிய நிலங்களைத் தன் படையினருக்குப் பகிர்ந்தளித்தான். அவர்கள் உழுது வாழத் தலைப்பட்டனர் என ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் உள்ள 'பி' என்னும் வடமொழிக் குடியிருப்புச் சொல் (ஸ்காண்டிநேவிய மொழியினது) இன்றும் அதற்குச் சான்று பகர்கிறது. கொம்பு வைத்த தலைக்கவசத்தைத் தவிர்த்ததும் பாராட்டத்தக்கது. அது 1876-இல் வாக்னரின் இசைநாடகத்திற்கு டோப்ளர் அமைத்த ஒப்பனை வழியே பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனை.

முடிவுரை

'வைக்கிங்ஸ்' தொடர் காலத்தைச் சுருக்குவதும் தொடர்பற்றோரை உறவினராக்குவதும் சாகா மரபின் தொடர்ச்சியே. அவற்றை ஆண்டுவரிசை கொண்டு எளிதில் திருத்திக்கொள்ளலாம். பகைவரும் பிற்காலத்தாரும் எழுதியவற்றை அவர்தம் நோக்கம் ஆராயாது காட்சியாக்குவது அதனினும் ஆழமான சிக்கல். ஏனெனில் 'இதற்கு நூற்சான்று உண்டு' என்னும் உறுதி அங்கே பார்வையாளரை ஏமாற்றுகிறது. வெள்ளியையும் அடிமை வணிகத்தையும் விளிம்புக்குத் தள்ளியது யாவற்றினும் பெரிய விலகல்.

எனவே இத்தொடரை வகுப்பறைக்குக் கொண்டுவருவோர், 'இது நடந்ததா?' என்னும் வினாவோடு நின்றுவிடாமல், 'இதனைச் சொன்னவர் யார், எப்போது, யாருக்காக?' என்றும், 'இங்கே காட்டப்படாதவர் யார்?' என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களை எழுப்பும் மாணவருக்குத் தொடரின் பிழைகளும் பாடமாகும். அவ்வினாக்கள் இன்றேல் அதன் சரியான செய்திகளும் திரிபாகவே மனத்தில் தங்கும்.